வில்லை நிறுத்திய விஞ்ஞானி

எங்கள் மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, ஒரு தமிழறிஞரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், சுவா சூ காங்கில் நான் குடியிருக்கும் புளோக்கின் மின்தூக்கியில் நடந்த ஒரு சிறு உரையாடல் என்னை ஒரு விஞ்ஞானியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

நான்காவது மாடியில் வசிக்கும் ஆன்டியை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அவருடைய மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். என்னை அக்கா என்று அழைப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதுகில் வயலின் பெட்டியைச் சுமந்துகொண்டு எல்ஆர்டி ஏறி புக்கிட் பாஞ்சாங் போய், அங்கிருந்து டௌன்டவுன் பாதையில் லிட்டில் இந்தியாவுக்குப் பாட்டு வகுப்புக்குச் செல்வாள். அன்று மின்தூக்கியில் அவள் கையில் பெட்டி இல்லை. கேட்டேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். ஆன்டிதான் பதில் சொன்னார். அறிவியல் தேர்வில் இருபதுக்கு ஆறு மதிப்பெண் என்றும், ஆகவே ஜூன் விடுமுறையோடு வயலின் வகுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைத் துணைப்பாடத்துக்குச் செலவிடப் போவதாகவும் சொன்னார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கு எதையாவது ஒன்றைத்தானே தேர்ந்தெடுக்க முடியும்?

பொறியியல் படிக்கிறாய் அல்லவா, ஒரு தடவை அவளுடைய தாளைப் பார்த்துவிடேன் என்றார் ஆன்டி. அப்படித்தான் அந்தத் தாள் என் கைக்கு வந்தது.

இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் போயிருந்தது. நீரின் வெப்பநிலை சர்க்கரை கரைவதற்கு ஆகும் நேரத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது சோதனை. அட்டவணை கொடுக்கப்பட்டிருந்தது, வரைபடம் வரைய வேண்டும். தங்கை நேரத்தைக் கிடைமட்ட அச்சிலும் வெப்பநிலையைச் செங்குத்து அச்சிலும் போட்டிருந்தாள். 30, 40, 60, 90 பாகை என்ற நான்கு வெப்பநிலைகளையும் சம இடைவெளியில் குறித்திருந்தாள். புள்ளிகளை மலைத்தொடர்போல ஒன்றோடொன்று இணைத்திருந்தாள். அச்சுகளில் அலகுகளும் இல்லை.

ஏன் நேரத்தைக் கீழே போட்டாய் என்று கேட்டேன். நேரம் எப்போதும் கீழேதானே வரும் அக்கா என்றாள். அவள் பதிலில் ஒரு நியாயம் இருந்தது. தொடக்கப்பள்ளியிலிருந்து அவள் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலானவற்றில் நேரம் கீழேதான் இருந்தது. செடி வளர்ந்த உயரம், ஆறிய நீரின் வெப்பநிலை என எல்லாவற்றிலும் நாளும் மணியும் கிடைமட்ட அச்சில்தான். அவற்றில் நேரத்தை முன்கூட்டி முடிவு செய்துகொண்டு மற்றதை அளந்தார்கள். இந்தச் சோதனையிலோ நேரம்தான் அளக்கப்படும் பொருள். நானும் அவள் வயதில் இதே தவற்றைச் செய்து மதிப்பெண் இழந்தவள்தான். அப்போது சரியான விடையை எழுதித் தந்தார்கள். காரணம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

எனக்கு அறிவியல் வராது, அது அண்ணனுக்குத்தான் வரும் என்று தங்கை சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். வயலினையும் வரைபடத்தையும் எதிரெதிராக நிறுத்திவிட்டார்களே! இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலை பார்த்த ஒரு தமிழர் இருந்தாரே! சர் சந்திரசேகர வெங்கட ராமனைத்தான் சொல்கிறேன்.

திருவானைக்காவலிலிருந்து கல்கத்தாவுக்கு

சி.வி. ராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தாயார் பார்வதி அம்மாள். தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர், வயலினும் வாசிப்பார். ஒரே வீட்டில் புத்தக அலமாரியும் வயலினும் இருந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். ராமனுக்கு நான்கு வயதாகும்போது தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது.

பின்னர் ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1906இல், பதினெட்டு வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தில் வெளிவந்த பிலசாஃபிகல் மேகசின் என்னும் இதழில் வந்தது. 1907இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

இவ்வளவு திறமை இருந்தும், அன்றைய இந்தியாவில் ஆராய்ச்சியை நம்பிப் பிழைக்க வழி இருக்கவில்லை. ஆகவே அவர் நிதித்துறைத் தேர்வு எழுதித் தேறி, 1907இல் கல்கத்தாவில் உதவி கணக்காயராகப் பதவியேற்றார். அதே ஆண்டில் லோகசுந்தரியை மணந்தார். அந்த அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர்.

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகையை ராமன் கண்டார். 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய கழகம் அது. அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது; ஆய்வு செய்வோர்தான் அரிது. ராமன் அலுவலகம் தொடங்கும் முன் அதிகாலையிலும், அலுவலகம் முடிந்தபின் இரவிலும் அங்கே போய்ச் சோதனைகள் செய்தார். ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் அவருக்குத் துணை நின்றார். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றப்பட்டு, 1911இல் மீண்டும் கல்கத்தா திரும்பினார்.

பகலில் அரசாங்கக் கணக்கு, காலையிலும் இரவிலும் இயற்பியல். பத்து ஆண்டுகள் இப்படி வாழ்ந்தார் என்பதைப் படித்தபோது, பாடச்சுமை அதிகம் என்று நாம் நூலகத்தில் உட்கார்ந்து புலம்புவது எனக்கு நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது!

1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்து புகழ்பெற்ற அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் ராமன் பாலித் இயற்பியல் பேராசிரியரானார். அரசாங்கப் பதவியின் உயர்ந்த சம்பளத்தையும் பாதுகாப்பையும் விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வந்தார்.

வில் நின்றது, வயலின் நகர்ந்தது

ராமன் என்றவுடன் நாம் ஒளியை நினைக்கிறோம். ஆனால், அவருடைய முதல் காதல் ஒலி. அந்த ஆண்டுகளில் அவர் வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியவற்றை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் நடுவே பூசப்படும் கருஞ்சாந்துதான் அதன் ஒலிகளைச் சுருதியோடு இணையச் செய்கிறது என்பதை 1920இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். 1918இல் வில்லால் இழைக்கப்படும் கம்பிகளின் அதிர்வு பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார்.

நான் சொல்ல வந்தது 1920இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வைப் பற்றி. வயலினில் ஒரு நல்ல நாதம் எழ வேண்டுமானால் வில்லை எவ்வளவு அழுத்த வேண்டும்? மிகவும் மெதுவாகத் தொட்டால் ஒலி தடுமாறும். குறைந்தபட்சம் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எதைப் பொறுத்தது? இதுதான் கேள்வி.

நன்றாக வாசிக்கும் கலைஞர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லி அளந்திருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மனிதக் கை ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கும். வேகம் கூடும்போது அழுத்தமும் கூடும். வில் குதிரையை நோக்கி நகரும். கலைஞரே அறியாமல் கை சரிசெய்துகொள்ளும். இசைக்கு அது அழகு. சோதனைக்கோ அது குழப்பம். மூன்று பொருள்கள் ஒன்றாக மாறினால், விளைவு எதனால் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே ராமன் வயலின் வாசிக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்தார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. வில் நகரவில்லை! வில்லை ஓரிடத்தில் நிலையாகப் பிடித்துவைத்து, வயலினைச் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகரச் செய்தார். வில்லின் அழுத்தத்தைத் தனியாக மாற்றி அளக்க வழி செய்தார். இப்போது வேகம், வில்லுக்கும் குதிரைக்கும் இடையிலான தொலைவு, அழுத்தம் ஆகிய மூன்றும் அவர் சொன்னபடி கேட்டன. வேகத்தை மாற்றாமல் வைத்துத் தொலைவை மட்டும் மாற்றினார். தேவையான குறைந்தபட்ச அழுத்தத்தை அளந்தார். பிறகு தொலைவை மாற்றாமல் வைத்து வேகத்தை மட்டும் மாற்றினார். ஒவ்வொன்றையும் வரைபடமாக்கினார்.

விடை தெளிவாக வந்தது. வில் வேகமாக இழைக்கப்பட்டால் குறைந்தபட்ச அழுத்தமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. வில் குதிரையை விட்டு விலக விலக, தேவையான அழுத்தம் வேகமாகக் குறைகிறது. தொலைவு இரு மடங்கானால் அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிறது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 1973இல், ஜான் ஷெல்லெங் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொலைவைக் கிடைமட்ட அச்சிலும் அழுத்தத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து, நல்ல நாதம் எழும் பகுதியை ஒரே படத்தில் காட்டினார். வயலின் இயற்பியல் படிப்பவர்கள் இன்றும் அந்தப் படத்தில்தான் தொடங்குகிறார்கள். அதன் கீழ் எல்லைக்கோட்டில் ராமனின் உழைப்பு இருக்கிறது.

சமையலறை மேசையில் ஒரு சோதனை

இந்தக் கதையைத் தங்கையிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவளே குறுக்கிட்டாள். குதிரைக்குப் பக்கத்தில் வாசிக்கும்போது அழுத்த வேண்டியிருக்கும் என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என்றாள். ராமன் அளந்த உண்மை அவள் விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

எங்களிடம் இயந்திரம் இல்லை. ஆனால் அவளுடைய வயலின் இருந்தது. ஓர் அளவுகோல் இருந்தது. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் கைப்பேசிச் செயலி இருந்தது. கம்பியின் அதிரும் நீளம் மாறினால் சுருதி எப்படி மாறுகிறது என்று பார்ப்பதாக முடிவு செய்தோம். தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னேன். நாம் வேண்டுமென்றே மாற்றப்போவது எது? அதனால் மாறுகிறதா என்று அளக்கப்போவது எது? மாறாமல் பிடித்துவைக்க வேண்டியவை எவை?

மாற்றப்போவது விரல் வைக்கும் இடம், அதாவது நீளம். அளப்பது அதிர்வெண். மாறாமல் இருக்க வேண்டியவை என்ற இடத்தில் அவள் சற்று யோசித்துவிட்டு, அதே கம்பி, பிரடையைத் திருகக் கூடாது, வில்லை ஒரே மாதிரி இழைக்க வேண்டும் என்று எழுதினாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

இந்த இடத்தில் நம் மொழி எங்களுக்குக் கை கொடுத்தது. பள்ளியில் அவள் கற்ற ஆங்கிலச் சொல், சுதந்திரமானது என்ற பொருளைத் தருவதால், தானாக மாறுவதுதான் அது என்று அவள் நினைத்திருந்தாள். சர்க்கரை தானாகக் கரைகிறது. ஆகவே நேரம்தான் சுதந்திரமான மாறி என்பது அவள் கணக்கு! தமிழில் சாரா மாறி, சார்ந்த மாறி என்கிறோம். எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்டாலே போதும். கரையும் நேரம் வெப்பநிலையைச் சார்ந்தது. வெப்பநிலையோ அடுப்பின் முன் நிற்கும் நம்மைத் தவிர எதையும் சார்ந்திருக்கவில்லை. மாறாமல் நிற்பதற்கு மாறிலி என்று பெயர். அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கும் நமக்கு, தமிழ்ச் சொல் ஒரு சன்னலைத் திறந்துவிடும் நேரமும் உண்டு என்பதை அன்று உணர்ந்தேன்.

சோதனை தொடங்கியது. கம்பியின் முழு நீளம் 32 சென்டிமீட்டர். செயலி 200 ஹெர்ட்ஸ் காட்டியது. 28இல் விரலை வைத்தபோது 230. 24இல் 266. 20இல் 321. சரிபாதியான 16இல் 402. ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசித்துச் சராசரி எடுத்தோம். நீளம் பாதியானதும் மேல் சட்ஜம் ஒலித்தபோது, அதிர்வெண் ஏறத்தாழ இரட்டித்திருப்பதை எண்ணில் பார்த்துத் தங்கை கண்களை அகல விரித்தாள்.

பிறகு வரைபடத்தாள். நாம் மாற்றிய நீளம் கிடைமட்ட அச்சில். அதைச் சார்ந்து மாறிய அதிர்வெண் செங்குத்து அச்சில். அச்சு என்பது ஓர் அளவுகோல், அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே மதிப்புத்தான் இருக்க வேண்டும் என்றேன். 30க்கும் 40க்கும் இடையிலான இடைவெளியே 60க்கும் 90க்கும் இடையிலும் இருந்தால், அது மூன்று அங்குலத்தையும் ஓர் அங்குலத்தையும் ஒரே அளவாகக் காட்டும் அளவுகோல்போல் ஆகிவிடும் என்று சொன்னதும் புரிந்துகொண்டாள். புள்ளிகளை வைத்தாள். அவற்றை நேர்க்கோடுகளால் இணைக்கப் போனவளைத் தடுத்து, புள்ளிகளின் போக்கைத் தழுவிச் செல்லும் ஒரு வளைகோட்டை வரையச் சொன்னேன். அளவீட்டில் சிறு பிழை இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் துரத்திப் போனால் நாம் இயற்கையை அல்ல, நம் கைநடுக்கத்தைத்தான் வரைவோம்.

வளைகோடு இடமிருந்து வலமாக இறங்கியது. இறுதியாக, நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 6400, 6440, 6384, 6420, 6432. எல்லாம் 6400ஐ ஒட்டியே நின்றன. மாறும் இரண்டுக்குள் மாறாத ஒன்று ஒளிந்திருந்தது! சமையலறையிலிருந்து ஆன்டி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எதை எந்த அச்சில் போடுவது என்பது இயற்கையின் சட்டம் அல்ல. படிப்பவருக்குக் குழப்பம் வராமலிருக்க மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. பொருளியல் பாடத்தில் விலையைச் செங்குத்து அச்சில் வைப்பதை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். 1637இல் டெக்கார்ட் வடிவியலை இயற்கணிதத்தோடு இணைத்தார். 1786இல் வில்லியம் பிளேஃபேர் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்து காட்டினார். இப்படிப் பலர் கைபட்டு வளர்ந்த பழக்கம் இது. ஆனால், எதை மாற்றினேன், எதை அளந்தேன், எதை மாறாமல் வைத்தேன் என்ற மூன்று கேள்விகள் பழக்கம் அல்ல. அவை இல்லாமல் சோதனையே இல்லை.

கடலின் நீலம்

ராமன் வாழ்க்கையின் அடுத்த பகுதி உலகறிந்தது. 1921இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்றபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்ற விளக்கம் அன்று பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. நார்குண்டா கப்பலில் திரும்பி வரும்போது, ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். அதைத் தக்க கோணத்தில் திருப்பினால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளி மறைந்துவிடும். மறைந்தது, ஆனால் நீலம் போகவில்லை! ஒன்றை மட்டும் விலக்கிவிட்டு, மற்றது நிற்கிறதா என்று பார்த்தார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெரிந்தது. வயலினில் வில்லை நிறுத்திய அதே மனம்தான் கப்பல் தளத்திலும் வேலை செய்தது.

அதன்பின் ஏழு ஆண்டு உழைப்பு. மாணவர்கள் பலர் உடனிருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் கே.எஸ். கிருஷ்ணன், அவரும் தமிழரே. வடிகட்டிய ஒரு நிறத்து ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறும் ஒளியில் வேறு நிறமும் சிறிதளவு கலந்திருப்பதைக் கண்டனர். ஒரு திரவத்தோடு நிற்கவில்லை; சுமார் 60 திரவங்களைச் சோதித்தனர். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி அந்தக் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அந்நாளை 1987 முதல் இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகிறது. அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் ஆகியோரும் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டிருந்தனர். 1930இல் ராமனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

இன்று எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ராமன் நிறமாலையை ஒரு கணினித் திரையில் பார்க்கிறேன். கிடைமட்ட அச்சில் ஒளியின் அலை எண் எவ்வளவு நகர்ந்தது என்பது; செங்குத்து அச்சில் ஒளியின் செறிவு. செலுத்தும் ஒளியின் நிறத்தை மாற்றினாலும் அந்த நகர்வு மாறுவதில்லை. அது மூலக்கூறின் சொந்த அடையாளம், கைரேகைபோல. அதனால்தான் ஒரு மருந்து அசலா போலியா என்பதைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சொல்ல முடிகிறது. அச்சுகள் இரண்டையும் படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் கிறுக்கல். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு பெயர்ப்பலகை.

சோதிக்காமல் சொன்ன முடிவு

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது நிறைகளை மட்டும் அடுக்குவது நம் வழக்கம். ராமனிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதைத் தங்கையிடம் மறைக்கவில்லை, இங்கும் மறைக்கப்போவதில்லை.

1933இல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அவ்வாண்டில் கமலா பாக்வத் என்ற மாணவி அங்கே ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தார். பம்பாயில் நல்ல தேர்ச்சி பெற்றவர். அவர் பெண் என்பதால் ராமன் மறுத்துவிட்டார். கமலா விடவில்லை, நேரே வந்து நின்று, உறுதியாகப் போராடினார். கடைசியில் ஓராண்டு பார்க்கலாம் என்ற கடுமையான நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய உழைப்பைக் கண்ட பிறகு ராமன் மனம் மாறினார். கழகத்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா சொஹோனி என்று பிற்காலத்தில் அறியப்பட்ட அவர் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ராமனிடமே பிறகு பெண்கள் சிலர் ஆய்வு செய்தனர்.

கடலின் நீலத்தைப் பற்றி உலகம் ஏற்றுக்கொண்டதைச் சோதிக்காமல் நம்ப மறுத்தவர், பெண்ணுக்கு ஆராய்ச்சி வருமா என்ற கேள்வியில் மட்டும் சோதனைக்கு முன்பே முடிவை எழுதிவிட்டார். வாய்ப்பைக் கொடுக்காமல் விளைவை எப்படி அளப்பது? அந்த வரைபடத்தில் ஒரு புள்ளிகூட வைக்கப்படவில்லையே! இதைச் சொன்னபோது தங்கை ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, அந்த அக்கா சண்டை போட்டாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம், ஆனால் அதைவிட அதிகமாக உழைத்தார் என்றேன்.

ராமன் 1937இல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். 1948 வரை அங்கேயே பேராசிரியராக இருந்தார். பின்னர் பெங்களூரில் தம் பெயரிலான ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, மலர்களின் நிறம், வைரம், மனிதக் கண்ணின் பார்வை என இறுதிவரை ஆராய்ந்தார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21ஆம் தேதி மறைந்தார். அவருடைய விருப்பப்படியே அந்த நிலையத்தின் தோட்டத்தில் தகனம் நடந்தது. அந்த இடத்தில் கல்லறை இல்லை. ஒரு மரம் நிற்கிறது.

முடிவாக…

அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆண்டிறுதித் தேர்வில் தங்கை இருபதுக்குப் பதின்மூன்று வாங்கினாள். அச்சுகள் சரி, அளவுத்திட்டம் சரி, வளைகோடும் சரி. அலகை எழுத மறந்து ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டிருந்தாள். தாளை நீட்டியபோது அவளே அந்த இடத்தைச் சுட்டிக்காட்டிச் சிரித்தாள். ஆறு மாதத்துக்கு முன்பு எனக்கு வராது என்றவள், இப்போது இங்கேதான் விட்டேன் என்கிறாள். அந்த வேறுபாடு ஏழு மதிப்பெண்ணைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

வயலின் வகுப்பை ஆன்டி நிறுத்தவில்லை. துணைப்பாடத்துக்குப் பணம் கட்டவும் இல்லை. வாரம் ஒரு மாலை என் வீட்டுச் சமையலறை மேசையில் நாங்கள் இருவரும் உட்காருகிறோம். எனக்கு அது சுமையாகத் தோன்றவில்லை. எனக்கே அரைகுறையாகத் தெரிந்த பலவற்றை அவளுக்குச் சொல்லப் போய்த்தான் சரியாகக் கற்றுக்கொள்கிறேன்.

இதை வாசிக்கும் நண்பர்களே, உங்கள் புளோக்கிலும் இப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருப்பார்கள். அவர்களிடம் என்ன மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், எந்தக் கேள்வியில் தடுக்கியது என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

சென்ற ஞாயிறு காலை மின்தூக்கியில் மீண்டும் தங்கையைச் சந்தித்தேன். முதுகில் வயலின் பெட்டி இருந்தது. அதன் வெளிப்பையில் ஓர் அளவுகோல் நீட்டிக்கொண்டிருந்தது.